ஏலக்காட்டுப் பெண்களின் கால் புண்: களிம்பை நிறுத்திக் கட்டுப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 29, உலக இதய நாள் வந்தால் நாளிதழ்கள் எல்லாம் மாரடைப்பு, கொழுப்பு, ஸ்டென்ட் என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எழுத வேண்டியவைதான். ஆனால் இதயத்தை விட்டுப் புறப்படும் ரத்தத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அது திரும்பி வருகிற வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து விடியுமுன் ஜீப் ஏறிக் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களையும், வண்டிப்பெரியாறு, பீர்மேடு தேயிலைத் தோட்ட லயங்களில் குடியிருப்பவர்களையும் நாள்தோறும் வாட்டுவது அந்தத் திரும்பும் வழியில் வரும் கோளாறு. தோட்ட மருந்தகங்களிலும் அரசு மருத்துவமனைகளின் கட்டுப்போடும் அறைகளிலும் வேலை செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து அதைப் பற்றி எழுதுகிறோம். கடிதம் நீளம், சுருக்கினால் பயன்படாது என்பதால் நீளமாகவே அனுப்புகிறோம்.

நோய் எல்லாருக்கும் தெரிந்ததுதான், வெரிகோஸ் வெயின் என்பார்கள். முதலில் கெண்டைக்காலில், நரம்பு என்று பேச்சில் சொல்லும் சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) சுருண்டு புடைக்கும். சாயங்காலமானால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், இரவில் கெண்டைச்சதை பிடித்து இழுக்கும். சில ஆண்டுகளில் உள்கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, தடித்து, அரிக்கும். பிறகு ஒருநாள் கட்டை இடித்தோ, அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தோ ஒரு சிறு புண். அந்தப் புண் ஆறாது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று களிம்பு மாற்றி, மாத்திரை மாற்றி, ஊர் மாற்றி மருத்துவம் பார்ப்பார்கள். சர்க்கரைப் புண் என்று ஒருவர் சொல்வார், தோல் வியாதி என்று இன்னொருவர் சொல்வார். பெரும்பாலும் இரண்டும் இல்லை. சிரைக்குள் இருக்கும் அழுத்தம் குறையாததால் ஆறாமல் நிற்கிற புண் அது. அழுத்தத்தைக் குறைக்காமல் மேலே எதைத் தடவினாலும் வீண்.

ஏன் என்று விளங்க, ரத்த ஓட்டத்தின் சில அளவுகள் தெரிய வேண்டும். ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்றால் 5 லிட்டர். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனிக்குள் நுழையும்போது சராசரி அழுத்தம் 95 மில்லிமீட்டர் பாதரசம். நுண்தமனிகளைக் கடந்து மயிரிழை போன்ற தந்துகிகளுக்குள் வரும்போது 35 ஆகிறது. தந்துகி முடிந்து சிரை தொடங்கும் இடத்தில் 15 மிஞ்சினால் அதிகம். இதயத்தின் வலது மேலறையில் நுழையும்போது 0 முதல் 5. இந்தக் கணக்கு படுத்திருக்கும் ஆளுக்கு. உடம்பின் மொத்த ரத்தத்தில் 60 முதல் 70 விழுக்காடு எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமனிச் சுவர் தடித்தது, விறைப்பானது. சிரைச் சுவர் மெல்லியது, கொஞ்சம் அழுத்தம் கூடினாலே விரிந்து கொடுக்கும்.

இப்போது அவர் எழுந்து நிற்கட்டும். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பெண்ணுக்குக் கணுக்காலிலிருந்து இதயம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அத்தனை உயர ரத்தத்தின் பாரம் ஏறக்குறைய 80 மில்லிமீட்டர் பாதரசம். அது முழுவதும் கணுக்கால் சிரையின் மேல் விழுகிறது. ரத்த ஓட்டம் நின்றுவிடாது. ஆனால் சிரைகள் புடைத்து, அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் கால்களில் தேங்கும். அசையாமல் வெகுநேரம் நிற்பவர் மயங்கி விழுவது இதனால்தான்.

நடந்தால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. கெண்டைச்சதைக்குள், குறிப்பாக உள்ளே ஒளிந்திருக்கும் சோலியஸ் தசைக்குள், பை போன்ற அகலமான சிரைகள் இருக்கின்றன. அடி எடுத்து வைக்கும்போது தசை இறுகி அவற்றைப் பிழிகிறது. அப்போது தசைக்குள் எழும் அழுத்தம் 200 மில்லிமீட்டரையும் தாண்டும். ரத்தம் மேலே போகிறது. தசை தளரும்போது மேலே போன ரத்தம் கீழே இறங்காமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு செய்யும் அதே வேலை. பத்து அடி நடப்பதற்குள் கணுக்கால் சிரையின் அழுத்தம் 80-இலிருந்து 30-க்குக் கீழே இறங்கிவிடும். நின்றதும் மறுபடி 80-ஐ எட்ட, நல்ல காலுக்கு 20 நொடிக்கு மேலாகும், ஏனென்றால் தந்துகி வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் நிரம்ப வேண்டும். வால்வு கெட்ட காலில் மேலிருந்து நேரே இறங்கி, சில நொடிகளில் நிரம்பிவிடுகிறது.

இந்த வால்வுகளை வீட்டிலேயே பார்க்கலாம். 1628-இல் வில்லியம் ஹார்வி ரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவிக் காட்டியபோது செய்த சோதனை இது. முழங்கைக்கு மேல் ஒரு துணியை அதிக இறுக்கம் இல்லாமல் கட்டுங்கள். முன்கைச் சிரைகள் புடைத்து, இடையிடையே சிறு முடிச்சுகள் தெரியும். அவைதான் வால்வு இருக்கும் இடங்கள். ஒரு விரலால் சிரையை அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை ரத்தத்தை வழித்துவிடுங்கள். இரண்டாவது விரலை எடுத்தாலும் அந்தத் துண்டு வெறுமையாகவே இருக்கும். மேலிருந்து ரத்தம் இறங்காது. முதல் விரலை எடுத்தால் கீழிருந்து சட்டென்று நிரம்பும். அரை நிமிடத்தில் துணியை அவிழ்த்துவிடுங்கள். பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து காட்டினால் ரத்த ஓட்டப் பாடம் ஒரு பிள்ளைக்கும் மறக்காது.

வால்வு ஏன் கெடுகிறது? குடும்பவழி ஒரு காரணம். கர்ப்பம் இன்னொன்று: ரத்த அளவு 40 முதல் 50 விழுக்காடு கூடுகிறது, புரோஜெஸ்டிரான் ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது, கருப்பை வயிற்றுச் சிரைகளை அழுத்துகிறது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரை விரிய, வால்வின் இரு இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாமல் போகின்றன. காலின் ஆழ்சிரையில் எப்போதோ ரத்தம் உறைந்து, அது கரைந்தபோது வால்வையும் சிதைத்துவிட்டுப் போவதும் உண்டு. இவற்றின் மேல் வேலையின் பாரம் வருகிறது. ஏலக்காய் செடியின் அடியில், தூரை ஒட்டிக் காய்ப்பது. காய் எடுப்பவர் குனிந்தும் குத்துக்காலிட்டும்தான் நாள் முழுவதும் நகர வேண்டும். முழங்கால் முழுவதும் மடங்கியிருக்கும்போது அதன் பின்னால் ஓடும் சிரை நசுங்குகிறது; கெண்டைச்சதைக்கும் வேலை இல்லை. கொழுந்து பறிப்பவரும், ஸ்டோரில் தரம் பிரிப்பவரும், தொழிற்சாலையில் சிமென்ட் தரையில் நிற்பவரும் நிற்கிறார்களே தவிர நடப்பது குறைவு. காலையும் மாலையும் ஜீப்பில் நெருக்கியடித்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து வருவது இதற்கு மேல். மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு ஏன் இந்த நோய் என்று கேட்பவர்கள் உண்டு. ஏறி இறங்குவது கொஞ்ச நேரம். குத்துக்காலிட்டிருப்பதும் நிற்பதும் எட்டு மணி நேரம்.

அழுத்தம் இறங்காத காலில் தந்துகிகள் விரிந்து, நீரும் புரதமும் சிவப்பணுக்களும் தசைக்கும் தோலுக்கும் இடையே கசிகின்றன. சிவப்பணு உடைந்து அதன் இரும்பு தோலில் தங்குவதுதான் அந்தக் கறுப்பு. தேய்த்துக் குளித்தால் போகாது. கசிந்தது நாராக இறுகி, கணுக்கால் மேலே மரக்கட்டை போல ஒடுங்குகிறது. அந்தத் தோலுக்கு உணவும் ஆக்சிஜனும் சரிவரப் போவதில்லை. நகக்கீறல் போதும், புண்ணாகிவிடும்.

அதன் மேல் போடப்படுகிற பொருள்களைப் பற்றி வருத்தத்தோடு சொல்கிறோம். கேப்சூல் மாத்திரையைப் பிரித்து மருந்துப் பொடியைத் தூவுவது, நியோமைசின் கலந்த களிம்பை மாதக்கணக்கில் தடவுவது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரைக்கவைப்பது, சுண்ணாம்பு, புகையிலை, காப்பித்தூள். சுண்ணாம்பு கடுங்காரம், பலவீனமான தோலை வேகவைக்கும். களிம்பும் பொடியும் ஒவ்வாமையாகிச் சுற்றியுள்ள தோலையும் அரித்துப் புண்ணாக்கும். பெராக்சைடு புதிதாக வளரும் திசுவைக் கொல்லும். சுத்தமான குழாய்த் தண்ணீரிலோ காய்ச்சி ஆறிய தண்ணீரிலோ கழுவினால் போதும். மேலே ஒட்டாத பாரஃபின் காஸ் ஒரு துண்டு. காய்ச்சல், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, திடீரென்று கூடும் வலி, இவை இருந்தால்தான் ஆன்டிபயாடிக். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் புண்ணுக்கு. மீதி வேலை எல்லாம் காலுக்கு.

காலுக்குச் செய்வது அழுத்தக் கட்டு. கட்டுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தக் காலுக்குத் தமனி ரத்தம் சரியாக வருகிறதா? வராத காலை இறுக்கிக் கட்டினால் விரலும் பாதமும் அழுகிப்போகும். புகைப்பவர், சர்க்கரை நோயாளி, வயதானவர் எல்லாரிடமும் இந்தச் சந்தேகம் வேண்டும். நடந்தால் கெண்டைச்சதை வலித்து, நின்றால் வலி விடுவது. இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் சுகமாக இருப்பது. விரல் நுனியிலோ வெளிக்கணுக்காலிலோ வட்டமாக வெட்டியெடுத்தது போன்ற புண், இவை தமனி அடைப்பின் அறிகுறிகள். சிரை நோயாளிக்குக் காலைத் தூக்கி வைத்தால் சுகம். தமனி நோயாளிக்குத் தூக்கினால் வலி. பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலின் பின்னாலும் நாடியைத் தொட்டுப் பார்க்கலாம். வீங்கிய காலில் அது கைக்கு அகப்படாது என்பதால் ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவி வேண்டும். நோயாளியைப் பத்து நிமிடம் படுக்கவைத்து, கையிலும் கணுக்காலிலும் மேல் அழுத்தத்தைப் பார்த்து, கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுக்க வேண்டும். 0.9 முதல் 1.3 வரை வந்தால் நல்லது. 0.8-க்கு மேல் இருந்தால் முழு அழுத்தக் கட்டுப் போடலாம். 0.5-க்கும் 0.8-க்கும் இடையே என்றால் ரத்தநாள மருத்துவர் சொன்னால் மட்டும், குறைந்த அழுத்தத்தில். 0.5-க்குக் கீழே கட்டே கூடாது. 1.3-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். சர்க்கரை நோயில் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து அமுங்காமல் நிற்கிறது, அந்த எண்ணை நம்ப முடியாது. கால் மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் கட்டுவதும் தவறு, இதற்குப் பயந்து யாருக்குமே கட்டாமல் விடுவதும் தவறு.

கட்டு தர வேண்டிய அழுத்தம் கணுக்காலில் 40 மில்லிமீட்டர், முழங்காலுக்குக் கீழே அதில் பாதி. இந்த இறக்கம் தானாகவே கிடைக்கும், ஒரே இழுப்பில் சுற்றினால். துணியின் இழுப்பும் சுற்றுகளின் எண்ணிக்கையும் கூடினால் அழுத்தம் கூடும். காலின் சுற்றளவும் துணியின் அகலமும் கூடினால் அழுத்தம் குறையும். கணுக்கால் ஒடுக்கம், கெண்டைக்கால் பருமன். ஆகவே இழுப்பு மாறாமல் இருந்தால் கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் அழுத்தம் அமையும். மேலே போகப் போக இழுத்து இறுக்குவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை. அது ரத்தம் மேலேறும் வழியை அடைக்கிறது, வீக்கம் கூடுகிறது, கட்டே ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி அவிழ்த்தெறிகிறார்.

காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுமுன் கட்டுவது நல்லது. நோயாளி படுத்திருக்க, பாதம் காலுக்குச் செங்குத்தாக, 90 பாகையில் இருக்க வேண்டும். பாதத்தை நீட்டிய நிலையில் கட்டினால் அவர் நடக்கும்போது கட்டு மடிந்து கணுக்காலின் முன்புறத்தை அறுக்கும். முதலில் பஞ்சுச் சுற்று, கால்விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே வரை. கணு எலும்புக்குப் பின்னுள்ள பள்ளத்தைப் பஞ்சால் நிரப்புங்கள், முன்கால் எலும்பின் மேல் இன்னொரு மடிப்பு வையுங்கள். கணுக்காலின் சுற்றளவு 18 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் பஞ்சு வைத்து அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மெலிந்த காலில் அதே இழுப்பு இரட்டிப்பு வேலை செய்துவிடும். அதன் மேல் 10 சென்டிமீட்டர் அகலக் கட்டுத்துணி. விரல்களின் அடியில் இரண்டு சுற்று, பிறகு குதிகாலை முழுதாக மூடி, கணுக்காலைச் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி மேலே. பாதத்தை விட்டுவிட்டுக் கணுக்காலில் தொடங்கினால் பாதம் பூரித்துப்போகும். குதிகாலைத் திறந்து விட்டால் அந்த இடத்தில் வீக்கம் பிதுங்கும். புண்ணின் மேல் மட்டும் நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவது கட்டே அல்ல.

முடித்ததும் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். மூன்று நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். அவரை அங்கேயே பத்து நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். விரல் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, படுத்ததும் வலி கூடினாலோ யாரையும் கேட்காமல் வெட்டி எடுத்துவிடலாம் என்று வீட்டாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.

கடையில் கிடைக்கும் சாதாரணப் பருத்திக் கிரேப் சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும்; துவைக்கத் துவைக்க வெறும் துணியாகிவிடும். அதைத் தினமும் காலையில் புதிதாகச் சுற்ற வேண்டும், இரவில் எடுத்துவிடலாம். நீட்சி குறைந்த கட்டோ நான்கு அடுக்குக் கட்டோ கிடைத்தால் ஒரு வாரம் அப்படியே இருக்கும். எந்தக் கட்டானாலும் நடந்தால்தான் பயன்: விறைப்பான கட்டுக்குள் கெண்டைச்சதை விரிய இடமில்லாமல் உள்நோக்கி அழுத்துவதால்தான் ரத்தம் மேலேறுகிறது. வாரம் ஒருமுறை ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மேல் வைத்து ஓரத்தை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்தில் அந்தக் கோடு கண்கூடாகச் சுருங்க வேண்டும். சுருங்காமல், ஓரம் மேடிட்டுச் சுருண்டு, தொட்டால் ரத்தம் கசிந்தால் ஓரத்தில் துணுக்கு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நாள்பட்ட புண்ணில் புற்று வருவதுண்டு.

புண் ஆறியபின் கட்டு, காலுறையாக மாற வேண்டும்; விட்டுவிட்டால் புண் திரும்பும். காலையில் அளவெடுத்து வாங்குங்கள்: கணுக்காலின் மிக ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம். இரண்டாம் வகை உறை 23 முதல் 32 மில்லிமீட்டர் அழுத்தம் தரும். அதன் மேல் விளிம்பை மடித்துவிடாதீர்கள். மடித்த இடம் கயிறு கட்டியதாகிவிடும். மழைக்காலத்தில் லயத்தில் எதுவும் காய்வதில்லை என்பதால் அடுப்போரம் தொங்கவிடுகிறார்கள், அதில் ரப்பர் இழை செத்துவிடுகிறது. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து நிழலில் போடுங்கள். ஆறு மாதத்தில் மாற்ற வேண்டும்.

கட்டிலின் கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல் வைத்தால் 15 சென்டிமீட்டர் உயரும். தலையணையை முழங்காலுக்கடியில் வைப்பதைவிட இது நல்லது, முழங்கால் மடங்காது. வேலைக்கிடையே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்குப் பல தடவை. கணுக்கால் மூட்டு இறுகிப்போனவருக்குக் கெண்டைச்சதை இருந்தும் பயனில்லை. எனவே புண் வலிக்கிறதென்று கால் விரலில் நின்று நொண்டி நடப்பதை அனுமதிக்காதீர்கள்.

இனி உயிர் போகிற விஷயம். சுருண்ட சிரை திடீரென்று உடைந்து பீய்ச்சும். வலி இருக்காது. வெந்நீரில் குளிக்கும்போதும், அட்டை கடித்த இடத்தைச் சொறியும்போதும் நடக்கும்; அட்டையின் உமிழ்நீர் ரத்தத்தை உறையவிடாது என்பதால் அந்த வாய் எளிதில் மூடாது. நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, முழங்காலுக்கு மேல் சேலைத் துணியை இறுக்கிக் கட்டுவார். இரண்டுமே கொல்லும். தொங்கும் காலில் அழுத்தம் இறங்காது. மேலே கட்டிய துணி சிரையை மட்டும் அடைத்து, தமனியை விட்டுவிடுவதால் ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருந்து, உடைந்த வாய் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தம் மூன்றேகால் லிட்டர். ஒரு லிட்டர் போனால் 30 விழுக்காடு போயிற்று. அந்த எல்லையில் ரத்த அழுத்தம் சரியத் தொடங்கும். ரத்தசோகை உள்ளவர் அதற்கு முன்பே தளர்ந்துவிடுவார்.

செய்ய வேண்டியது எளிது. உடனே தரையில் படுக்கவையுங்கள். காலை இதயத்தைவிட உயரமாகத் தூக்குங்கள். சுவரில் சாய்க்கலாம், ஏலக்காய்ச் சாக்கின் மேல் வைக்கலாம். அந்த நொடியே பீய்ச்சல் தணிந்துவிடும். சுத்தமான துணியை மடித்து உடைந்த இடத்தின் மேலேயே கட்டைவிரலால் 15 நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். நடுவே திறந்து பார்க்காதீர்கள். பிறகு விரலடியிலிருந்து முழங்கால் வரை கட்டி, 108-ஐ அழைத்து, படுத்தபடியே கொண்டுபோங்கள். ஜீப்பின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போகக் கூடாது.

ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் வீங்கி, சூடாகி, கெண்டைச்சதை நொந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்கால் எலும்பின் மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரண்டு கால்களையும் நாடாவால் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றே ஸ்கேன். எண்ணெய் போட்டு உருவிவிடுவது மிகவும் ஆபத்து. உறைந்த கட்டி நழுவினால் வயிற்றுப் பெருஞ்சிரை, இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நேரே நுரையீரல் தமனி. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம். பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருப்பவரும், கருத்தடை மாத்திரை உண்பவரும், அறுவை செய்துகொண்டவரும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தாலே இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வண்டியில் கணுக்காலை ஆட்டிக்கொண்டிருங்கள்.

இரண்டு கால்களும் ஒன்றாக வீங்கினால் சிரையைப் பழி சொல்லாமல் மேலே பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஆம்லோடிபின் மாத்திரை கணுக்கால் வீக்கம் தரும். தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சிறுநீரகம், கல்லீரல், ரத்தசோகை ஆகியவையும் காரணமாகலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, இரவில் எழுந்து உட்காருபவருக்கு இதயம் பலவீனமாக இருக்கக்கூடும். அவருக்கு அழுத்தக் கட்டும் வேண்டாம், கால்மாட்டில் செங்கலும் வேண்டாம். கால்களில் தேங்கியிருக்கும் நீரையும் ரத்தத்தையும் ஒரேயடியாகத் தளர்ந்த இதயத்தின் மேல் திருப்பிவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதலில் இதயத்துக்கு மருத்துவம்.

புண் ஆறியபிறகு ஆபரேஷன் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பழைய முறை. 2018-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் 450 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். அழுத்தக் கட்டோடு சேர்த்துக் கெட்ட சிரையையும் உடனே அடைத்தவர்களுக்குப் புண் ஆற நடுவளவில் 56 நாள். கட்டை மட்டும் முதலில் போட்டவர்களுக்கு 82 நாள். லேசர், ரேடியோ அலை, நுரை ஊசி என்று வழிகள் இருக்கின்றன. எதற்கும் முன் டூப்ளெக்ஸ் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) ஸ்கேன் எடுத்து, ஆழ்சிரை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆழ்சிரை அடைத்திருக்கும்போது மேல்சிரையையும் மூடினால் ரத்தத்துக்கு வழியே இல்லாமல் போகும்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே மருத்துவ வசதியைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கிவிட்டது. எங்கள் கோரிக்கை பெரியதல்ல. ஒவ்வொரு மருந்தகத்திலும் பஞ்சுச் சுருள், நீட்சி குறைந்த கட்டுத்துணி, ஒட்டாத காஸ், ஒரு கையடக்க டாப்ளர் இருக்கட்டும். கட்டத் தெரிந்த ஒருவராவது இருக்கட்டும். ஸ்டோரில் தரம் பிரிப்பவர்களுக்கு ஸ்டூலும், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடக்க அனுமதியும் கொடுங்கள். எங்கள் மக்கள் ஒரு மாதம் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கும், மறுமாதம் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கும் போகிறவர்கள். எல்லை தாண்டும்போது முந்தைய மருத்துவமனையின் கணக்கு கூடப் போவதில்லை. போன இடத்தில் மறுபடி களிம்பிலிருந்து தொடங்குகிறார்கள். ஆகவே உள்ளங்கை அளவில் ஓர் அட்டை வேண்டும். இரண்டு கால்களின் கணுக்கால்–கை விகிதம், அளந்த தேதி, கட்டுப் போடலாமா கூடாதா, எந்த அழுத்தம், எந்த மருந்து ஒவ்வாது, இவ்வளவு இருந்தால் போதும். தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, தேனி, இடுக்கி மாவட்டச் சுகாதார அலுவலகங்கள் இரண்டும் அதை ஏற்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்ட மருந்தக, அரசு மருத்துவமனைச் செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்
கம்பம் – குமுளி – வண்டிப்பெரியாறு